முடக்குவாதத்துக்கு ட்ரிப்ஸ் சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முடக்குவாதத்துக்கு, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸுக்கு, ட்ரிப்ஸ் வழியாக மருந்து ஏற்றும் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். முதல் தடவை வருகிறவர்கள் படபடப்போடு கேட்பதும், பல தடவை வந்து போனவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்களுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்வது உங்கள் மூட்டுவாத மருத்துவர். அந்த முடிவைச் சரியாக எடுக்க நீங்கள் அவரிடமும் எங்களிடமும் என்னென்ன சொல்ல வேண்டும் என்பதைத்தான் கீழே திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

சிஸ்டர், உடம்புல தெம்பு இல்லேன்னா ஏத்துவாங்களே, அந்த குளுக்கோஸ் மாதிரிதானா இதுவும்?

பார்க்க அப்படித்தான் இருக்கும். கையில் ஒரு சின்னக் குழாய், ஸ்டாண்டில் ஒரு பாட்டில். ஆனால் பாட்டிலில் இருக்கும் சலைன் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மட்டும்தான். வேலை செய்வது அதில் கலந்திருக்கும் மருந்து.

முடக்குவாதத்தில் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்புறச் சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, நாளாக ஆகக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. வலி மாத்திரை வலியைத் தணிக்கும், அரிப்பை நிறுத்தாது. பயாலஜிக் என்று சொல்லப்படும் இந்த மருந்துகள், அந்தத் தாக்குதலை நடத்தும் ஏதோ ஒரு பொருளையோ உயிரணுவையோ குறிவைத்து மடக்குகின்றன.

மாத்திரையா குடுத்தா முழுங்கிட்டுப் போயிடுவேன். எதுக்கு நரம்புல ஏத்தணும்?

இவை எல்லாமே பெரிய புரத மூலக்கூறுகள். வாயால் சாப்பிட்டால் வயிறு மற்ற புரதத்தைச் செரிப்பதுபோல இதையும் செரித்துவிடும். அதனால் ரத்தக் குழாய் வழியாகவோ தோலுக்கு அடியிலோதான் கொடுக்க முடியும். ஜாக் தடுப்பான்கள் என்று மாத்திரை வடிவில் சில புதிய மருந்துகள் இருக்கின்றன. அவை வேறு வகை. யாருக்கு அவை சரிப்படும் என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு.

மாத்திரையிலயே நல்லா இருக்கறவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க. எனக்கு மட்டும் ஏன்? நோய் முத்திடுச்சா?

முத்திவிட்டது என்று அர்த்தமில்லை. வழக்கமாக முதலில் மெத்தோட்ரெக்சேட் கொடுப்பார்கள். தேவைப்பட்டால் சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின், லெஃப்ளுனோமைடு போன்றவையும் சேரும். சில மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் வீக்கம் அடங்காவிட்டால், அல்லது பக்கவிளைவால் தொடர முடியாவிட்டால், அடுத்த படி பயாலஜிக். எலும்பு அரிக்கப்பட்ட மூட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்த மருந்தாலும் முடியாது. அதனால்தான் மருத்துவர்கள் ரொம்ப நாள் பொறுத்துப் பார்ப்பதில்லை.

புது மருந்துன்னு சொல்றீங்க. எங்க மேல சோதனை பண்றீங்களா?

நியாயமான பயம்தான், ஆனால் இது அவ்வளவு புதிது இல்லை. டிஎன்எஃப் என்ற வீக்கத் தூண்டியைத் தடுத்தால் முடக்குவாதம் அடங்குமா என்று மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மெய்னி என்ற ஆராய்ச்சியாளர்கள் லண்டனில் 1992லேயே நோயாளிகளுக்கு ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மருந்துதான் இன்ஃப்ளிக்சிமாப். அமெரிக்காவில் 1999ல் முடக்குவாதத்துக்கு அனுமதி கிடைத்தது. அபாடாசெப்ட் 2005, ரிட்டுக்சிமாப் 2006, டோசிலிசுமாப் 2010, ட்ரிப்ஸாக ஏற்றும் கோலிமுமாப் 2013 என்று மற்றவை ஒவ்வொன்றாக அங்கே அனுமதி பெற்றன. பக்கவிளைவுகள் இன்னின்ன, எதை முன்கூட்டியே பரிசோதிக்க வேண்டும் என்பதெல்லாம் இத்தனை வருட அனுபவத்தில் தெரிந்ததுதான்.

நெட்ல தேடினா இது கேன்சர் மருந்துன்னு வருது. எனக்கு கேன்சரா? மறைக்காம சொல்லுங்க.

ரிட்டுக்சிமாப் எழுதிக் கொடுத்த குடும்பங்களில் பாதிப் பேர் இந்தப் பயத்தோடுதான் வருகிறார்கள். எல்லார் முன்னாலும் கேட்க மாட்டார்கள். துணைக்கு வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார். இல்லை, உங்களுக்குப் புற்றுநோய் இல்லை.

ரிட்டுக்சிமாப் 1997ல் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்க்காக வந்த மருந்து. அது ரத்தத்தில் இருக்கும் பி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்களை அழிக்கிறது. அந்தப் புற்றுநோயில் பி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். முடக்குவாதத்திலோ அதே பி செல்கள் மூட்டைத் தாக்க உதவி செய்கின்றன. குறி ஒன்று, நோய் வேறு. மெத்தோட்ரெக்சேட்டும் இப்படித்தான். புற்றுநோய்க்குப் பெரிய அளவில் கொடுக்கும் மருந்தை முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை மிகக் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள்.

பக்கத்துல உக்காந்திருந்தவங்க அரை மணி நேரத்துல எழுந்து போயிட்டாங்க. எனக்கு மட்டும் ஏன் அரை நாள்?

மருந்து வேறு, வேகம் வேறு. அபாடாசெப்ட் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் டோஸுக்குப் பின் 2ஆம் வாரம், 4ஆம் வாரம், அப்புறம் 4 வாரத்துக்கு ஒரு முறை வர வேண்டும். டோசிலிசுமாப் ஒரு மணி நேரம், 4 வாரத்துக்கு ஒரு முறை. கோலிமுமாப் அரை மணி நேரம், ஆரம்பத்தில் 4 வார இடைவெளியில் இரண்டு, பிறகு 8 வாரத்துக்கு ஒன்று.

இன்ஃப்ளிக்சிமாப் குறைந்தது இரண்டு மணி நேரம் ஓடும். முதல் டோஸ், 2ஆம் வாரம், 6ஆம் வாரம், பிறகு 8 வாரத்துக்கு ஒரு முறை. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்ப்போம். ரிட்டுக்சிமாப்தான் பொறுமையைச் சோதிப்பது. 1000 மி.கி. ஒரு நாள், இரண்டு வாரம் கழித்து இன்னொரு 1000 மி.கி. முதல் தடவை மிக மெதுவாக ஆரம்பித்து, அரை மணிக்கு ஒரு முறை வேகத்தைக் கூட்டுவோம். ஏற்றுவதற்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் அந்த இரண்டு டோஸ் முடிந்தால் அடுத்த சுற்று பெரும்பாலும் ஆறு மாதம் கழித்துத்தான்.

ஒவ்வொரு தடவையும் எடை பாக்கறது எதுக்கு? போன தடவைதானே பாத்தீங்க?

இன்ஃப்ளிக்சிமாப், டோசிலிசுமாப் போன்றவற்றுக்கு அளவே எடையை வைத்துத்தான். இன்ஃப்ளிக்சிமாப் வழக்கமாகக் கிலோவுக்கு 3 மி.கி.யில் தொடங்கும். 60 கிலோ என்றால் 180 மி.கி. நாலைந்து கிலோ ஏறினாலோ இறங்கினாலோ கணக்கு மாறும். அது மட்டுமில்லை. காரணமே இல்லாமல் எடை குறைந்துகொண்டே வந்தால் டிபி உட்பட வேறு எதையோ தேட வேண்டும் என்பதற்கு அது ஒரு அறிகுறி.

வந்து உக்காந்து ஒரு மணி நேரமாச்சு. மருந்து எடுத்துட்டு வர்றதுக்கா இவ்வளவு நேரம்?

மருந்து தயாராக இருப்பதில்லை. நீங்கள் வந்து, காய்ச்சல் பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, இன்று ஏற்றலாம் என்று உறுதியான பிறகுதான் கலக்க ஆரம்பிப்போம். இன்ஃப்ளிக்சிமாப் ஒவ்வொரு குப்பியிலும் 100 மி.கி. வெள்ளைப் பொடியாக வரும். அதில் 10 மி.லி. சுத்திகரித்த நீரைக் கண்ணாடிச் சுவர் ஓரமாக வழிய விட வேண்டும், பொடியின் மேல் நேராகப் பாய்ச்சக் கூடாது. அப்புறம் குப்பியை விரல்களுக்கு நடுவில் வைத்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும், புரதம் கெடும். ஐந்து நிமிடம் அப்படியே வைத்து, தெளிந்ததா, துகள் ஏதும் மிதக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, அதன் பிறகுதான் 250 மி.லி. சலைனில் சேர்ப்போம். ஏற்றும் குழாயில் நுண்ணிய வடிகட்டி ஒன்றும் இருக்கும்.

கலந்த மருந்தை ரொம்ப நேரம் வைத்திருக்க முடியாது. நீங்கள் வருவதற்கு முன்பே கலந்து வைத்து, வந்த பிறகு உங்களுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் அத்தனையும் வீண். அந்தக் காத்திருப்புக்கு இதுதான் காரணம்.

எனக்கு டிபி எல்லாம் வந்ததே இல்லை. எதுக்கு அந்த டெஸ்ட்?

டிபி கிருமி உடம்புக்குள் போய், எந்தத் தொந்தரவும் தராமல் வருடக்கணக்காகத் தூங்கலாம். அதைச் சுற்றி வேலி போட்டு வைத்திருப்பது எதிர்ப்புச் சக்தி, அதிலும் முக்கியமாக டிஎன்எஃப். இன்ஃப்ளிக்சிமாப்பும் கோலிமுமாப்பும் அந்த டிஎன்எஃப்பைத்தான் தடுக்கின்றன. வேலி போனால் கிருமி எழுந்துகொள்ளும், நுரையீரலைத் தாண்டி மற்ற உறுப்புகளுக்கும் பரவலாம். அதனால் தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்து, மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். தூங்கும் டிபி இருப்பது தெரிந்தால் சிகிச்சை கிடையாது என்று அர்த்தமில்லை. முதலில் அதற்கு மருந்து ஆரம்பித்து, சில வாரங்கள் கழித்து ட்ரிப்ஸ் தொடங்குவார்கள். அந்த டிபி மாத்திரையைச் சொன்ன காலம் முழுவதும் சாப்பிட்டு முடிப்பது உங்கள் கையில்.

ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனையும் இதே காரணத்துக்குத்தான். குறிப்பாக ரிட்டுக்சிமாப், என்றோ வந்து அடங்கிப்போன ஹெபடைட்டிஸ் பியைத் திரும்பக் கிளப்பி ஈரலைக் கடுமையாகப் பாதிக்கலாம். எப்போதாவது மஞ்சள் காமாலை வந்திருந்தால், சின்ன வயதில் வந்ததாக இருந்தாலும், சொல்லுங்கள்.

லேசான இருமல்தான். சொன்னா திருப்பி அனுப்பிடுவீங்களேன்னு சொல்லாம இருக்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். லீவு போட்டு, துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு, தூரத்திலிருந்து வந்திருப்பீர்கள் என்று தெரியும். ஆனால் உள்ளே ஒரு தொற்று இருக்கும்போது எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்தை ஏற்றினால், சாதாரணச் சளி நிமோனியா வரை போகலாம். ஏற்றிய மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது, வாரக்கணக்கில் உடம்பில் இருக்கும். ஒரு வாரம் தள்ளிப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது.

காய்ச்சல், சளியோடு இருமல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், பல் ஈறு வீக்கம், சீழ் வைத்த கட்டி, ஆறாத புண், அக்கி, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக்கொண்டிருப்பது: இதில் எது இருந்தாலும் கிளம்புவதற்கு முன்பே போன் செய்து கேளுங்கள். வீண் பயணமும் மிச்சம். காலில் இருக்கும் புண்ணைச் சாக்ஸுக்குள் மறைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, பயம்தான் வருகிறது.

ஏத்தும்போது ஏதாவது ஆகிடுமா?

பெரும்பாலானவர்கள் தூங்கிவிடுவார்கள். சிலருக்கு அரிப்பு, தடிப்பு, குளிர் நடுக்கம், காய்ச்சல், தலைவலி, முகம் சிவத்தல், ரத்த அழுத்தம் ஏறுவது அல்லது இறங்குவது வரலாம். மிக அபூர்வமாக மூச்சுத் திணறலோடு கடுமையான ஒவ்வாமை வரும். அதற்கான மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். லேசானதாக இருந்தால் ட்ரிப்ஸை நிறுத்தி, மருந்து கொடுத்து, அடங்கிய பிறகு மெதுவாகத் திரும்ப ஆரம்பிப்போம். அன்று ரியாக்ஷன் வந்தது என்பதற்காக இந்தச் சிகிச்சையே இனி இல்லை என்று ஆகாது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். சின்னதாகத் தோன்றும்போதே சொல்லுங்கள். ஒரு அம்மா தொண்டையை லேசாகச் செருமிக்கொண்டே இருந்தார். கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா, நீ வேலையைப் பாரு" என்றார். போர்வையை விலக்கிப் பார்த்தால் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருக்கிறார், கழுத்தில் தடிப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்தியதால் அரை மணியில் சரியானது. தொண்டை கரகரப்பு, உள்ளங்கை அரிப்பு, நெஞ்சில் இறுக்கம், காரணமில்லாத படபடப்பு இவைதான் முதலில் வரும். இதற்கெல்லாம் கூப்பிடலாமா என்று யோசிக்க வேண்டாம். கூப்பிடத்தான் நாங்கள் இருக்கிறோம்.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரிட்டுக்சிமாப் ஏற்றும் நாளில் அதைச் சாப்பிடலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றும்போது அழுத்தம் இறங்கலாம் என்பதால் சிலருக்கு அன்று காலை நிறுத்தச் சொல்வார்கள்.

ட்ரிப்ஸுக்கு முன்னாடி ஒரு ஊசி போட்டீங்களே, ஸ்டீராய்டா? அதனாலதான் வலி குறையுதா?

ரிட்டுக்சிமாப்புக்கு முன் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். அதோடு பாராசிட்டமாலும் அலர்ஜி மருந்தும். மேலே சொன்ன ரியாக்ஷனைக் குறைப்பதற்காக. அதனால் முதல் சில நாட்கள் வலி சட்டென்று குறைந்து, பிறகு திரும்ப வரலாம். "மருந்து இரண்டு நாள்தான் வேலை செஞ்சது" என்று வருத்தப்படுவார்கள். அந்த இரண்டு நாள் ஸ்டீராய்டின் வேலை. உண்மையான மருந்து இனிமேல்தான் பேச ஆரம்பிக்கும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு அந்த ஓரிரு நாள் சர்க்கரை ஏறும், கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்ப உண்மையா எப்பதான் வலி குறையும்?

இன்ஃப்ளிக்சிமாப், டோசிலிசுமாப் எடுப்பவர்களில் சிலருக்குச் சில வாரங்களிலேயே காலையில் விரல் மடக்குவது சுலபமாகும். அபாடாசெப்ட்டும் ரிட்டுக்சிமாப்பும் நிதானம், மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். காலையில் எழுந்து விறைப்பு விட எவ்வளவு நேரம் ஆகிறது என்று தினமும் ஒரு வரி எழுதி வைத்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. மருந்து பலிக்கிறதா இல்லையா என்பது அதில் தெளிவாகத் தெரியும். ஏற்கெனவே கோணிப்போன விரல் இதனால் நிமிராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ட்ரிப்ஸ் ஆரம்பிச்சாச்சே, மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து வரும் புரதத்தை உடம்பு அந்நியமாகப் பார்த்து, அதற்கு எதிராகவே எதிர்ப்பொருள் தயாரிக்கலாம். அப்படி ஆனால் மருந்து பலிக்காமல் போகும், ரியாக்ஷனும் கூடும். இன்ஃப்ளிக்சிமாப்பில் இது அதிகம். மெத்தோட்ரெக்சேட் அதைக் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் முழுப் பலன். மெத்தோட்ரெக்சேட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டோசிலிசுமாப் போலத் தனியாகவும் நன்றாக வேலை செய்யும் மருந்து இருக்கிறது.

இப்ப நல்லாத்தான் இருக்கேன். அடுத்த டோஸை ரெண்டு மாசம் தள்ளிப் போட்டா என்ன?

நன்றாக இருப்பதற்குக் காரணமே அந்த டோஸ்தான். இது நோயை அடக்கி வைக்கும் சிகிச்சை, வேரோடு எடுப்பது இல்லை. முந்தைய பதிலில் சொன்ன எதிர்ப்பொருள் விஷயமும் இங்கே வருகிறது. நீண்ட இடைவெளி விட்டுத் திரும்ப ஆரம்பித்தால் இன்ஃப்ளிக்சிமாப்பில் ரியாக்ஷன் ஆபத்து அதிகம். பல மாதங்கள் நோய் முழுக்க அடங்கியிருந்தால் அளவைக் குறைக்கவோ இடைவெளியைக் கூட்டவோ மருத்துவரே யோசிப்பார். செலவு தாங்கவில்லை என்றாலும் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், வராமல் இருந்துவிடாதீர்கள். மாற்று வழி பல நேரம் இருக்கும்.

விலை குறைஞ்ச வேற கம்பெனி மருந்து இருக்குங்கறாங்க. அது டூப்ளிகேட்டா?

பயோசிமிலர் என்பார்கள். மூல மருந்தின் காப்புரிமை முடிந்த பிறகு வேறு நிறுவனம் தயாரிக்கும் அதே வகை மருந்து. உயிரணுக்களில் வளர்த்தெடுப்பதால் அச்சு அசலாக இருக்காது. ஆனால் பலனிலும் பாதுகாப்பிலும் வேறுபாடில்லை என்று நிரூபித்தால்தான் அனுமதி கிடைக்கும். ஐரோப்பாவில் இன்ஃப்ளிக்சிமாப் பயோசிமிலருக்கு 2013ல் அனுமதி கிடைத்தது. பயப்படத் தேவையில்லை. எந்தப் பெயர் மருந்து ஏற்றினார்கள் என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்லயே தொடையில குத்திக்கற ஊசி இருக்காமே. அது நல்லதா, இது நல்லதா?

அபாடாசெப்ட், டோசிலிசுமாப், கோலிமுமாப் மூன்றும் அப்படியும் கிடைக்கும். அடாலிமுமாப், எட்டனர்செப்ட் ஆகியவை தோலடி ஊசி மட்டும்தான். பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. விரல் மடங்காமல் ஊசியைப் பிடிக்க முடியாதவர்கள், மறந்துவிடுகிறவர்கள், குத்திக்கொள்ள மனம் வராதவர்களுக்கு ட்ரிப்ஸ் நிம்மதி. வேலைக்குப் போகிறவர்களுக்கும் ரத்தக் குழாய் கிடைக்காமல் அவதிப்படுகிறவர்களுக்கும் ஊசி வசதி.

தடுப்பூசி போட்டுக்கலாமா?

போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் எது, எப்போது என்பது முக்கியம். ஊசியாகப் போடும் ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் உயிருள்ள கிருமி இல்லாதவை, போடலாம். தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைச் சிகிச்சை நடக்கும்போது போடக் கூடாது. ரிட்டுக்சிமாப் பி செல்களை அழிப்பதால் அதற்குப் பிறகு போடும் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. முடிந்தால் அந்தச் சுற்றுக்கு நான்கு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும்.

முட்டி ஆபரேஷன் தேதி குடுத்திருக்காங்க. ட்ரிப்ஸ் தேதியும் அதே வாரம்தான் வருது.

இரண்டு மருத்துவர்களையும் பேச வையுங்கள். திட்டமிட்ட அறுவை சிகிச்சையை ஒரு டோஸின் பலன் தீர்ந்து அடுத்தது வரவேண்டிய சமயத்தில் வைப்பார்கள். காயம் ஆறி, தையல் எடுத்து, தொற்று இல்லை என்று உறுதியான பிறகு, பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்து, அடுத்த டோஸ். பல் பிடுங்குவதாக இருந்தாலும் பல் மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.

குழந்தை பெத்துக்கணும்னு ஆசை. இதெல்லாம் எடுத்துட்டு முடியுமா?

முடியும், ஆனால் திட்டமிட்டு. முதலில் மெத்தோட்ரெக்சேட்டை மருத்துவர் சொல்லும் அளவு முன்கூட்டியே நிறுத்த வேண்டும். அது கருவைப் பாதிக்கும். டிஎன்எஃப் தடுப்பு மருந்துகளைக் கர்ப்ப காலத்தில் தேவைப்பட்டால் தொடர்கிறார்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் அவை குழந்தைக்குப் போய்ச் சேரும் என்பதால் எப்போது நிறுத்துவது என்று தனியாகத் தீர்மானிப்பார்கள். பிறந்த பிறகு குழந்தை மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிசிஜி போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைச் சில மாதங்கள் தள்ளிப்போட வேண்டியிருக்கும். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் ஊசி குத்துவதற்கு முன் என் காதில் சொன்னால்கூடப் போதும்.

முதல்ல ஆறு மாசம் நல்லா இருந்துச்சு, இப்ப கேக்கலை. ரெண்டு ட்ரிப்ஸையும் சேத்துக் குடுக்கலாமா?

இரண்டு பயாலஜிக்கைச் சேர்த்துக் கொடுப்பதில்லை. பலன் கூடாது, தொற்று மட்டும் கூடும். அளவையோ இடைவெளியையோ மாற்றிப் பார்ப்பார்கள், அல்லது வேறு குறி உள்ள மருந்துக்கு மாற்றுவார்கள். ஒன்று கேட்காமல் போனவருக்கு இன்னொன்று நன்றாகக் கேட்பது சாதாரணம்.

டோசிலிசுமாப் எடுக்கறேன். வயிறு வலிக்குது, காய்ச்சல் இல்லை, சிஆர்பியும் நார்மல். அப்ப ஒண்ணும் இல்லைதானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் "இருக்கட்டும், பார்க்கலாம்" என்று சொல்ல மாட்டேன். டோசிலிசுமாப் ஐஎல்-6 என்ற பொருளைத் தடுக்கிறது. ரத்தப் பரிசோதனையில் வீக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் சிஆர்பி என்ற புரதத்தை ஈரல் தயாரிக்கத் தூண்டுவதும், காய்ச்சலைக் கிளப்புவதில் பெரும்பங்கு வகிப்பதும் அதுதான். ஆகவே உள்ளே தொற்று இருந்தாலும் சிஆர்பி ஏறாமல், காய்ச்சல் தெரியாமல் போகலாம். அபூர்வமாக இந்த மருந்தில் குடலில் ஓட்டை விழுந்ததும் உண்டு. குடலில் பைபோன்ற புடைப்பு இருந்து அது அழன்றவர்களுக்கும், கூடவே ஸ்டீராய்டோ வலி மாத்திரையோ சாப்பிடுகிறவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம்.

விடாத வயிற்று வலி இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அவசரப் பிரிவில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. சிஆர்பி நார்மல் என்று பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதனால் வலி எங்கே என்று சொல்வதற்கு முன்பே, "நான் முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் ஏற்றிக்கொள்கிறேன், கடைசி டோஸ் இன்ன தேதி" என்று சொல்லுங்கள். மருந்தின் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் நாங்களே எழுதித் தருவோம்.